பொய் சாங் லோங் விழா வீடியோவை மீட்க உதவி தேவை

ஏப்ரல் தொடக்கத்தில் தாய்லாந்தின் மே ஹோங் சோன் போயிருந்தேன். அங்கே ஷான் மக்களின் பொய் சாங் லோங் விழா. சிறுவர்களுக்குத் தலையை மழித்து இளவரசர் போல அலங்கரித்து, மூன்றாம் நாள் பௌத்தத் துறவு கொடுக்கிறார்கள். அதுவரை கால் தரையில் படக்கூடாது என்று தோளிலேயே சுமக்கிறார்கள். பூ வைத்த தலைப்பாகை சரிய, அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போன ஒரு பையனை வீடியோ எடுத்தேன். அனுப்பி வைப்பதாக அந்த அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், கேமராவின் மெமரி கார்டு ஃபார்மட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) கேட்கிறது. 64 ஜிபி மைக்ரோ எஸ்டி. ஃபார்மட் செய்யவில்லை. வேறு ரீடர், வேறு கணினி எல்லாம் பார்த்தாயிற்று. ரெக்கவரி மென்பொருளில் புகைப்படங்கள் வந்துவிட்டன. அந்தப் பையனின் வீடியோ, அதாவது எம்பி4 கோப்பும் முழு அளவில் வந்தது, ஆனால் ஓடவில்லை.

அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் உதவும்?