வீல் ஆர்ச்: வளைவா, இறவாரமா, கொடுங்கையா?

சொற்கிடங்கு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான டிங்கர் (வண்டித் தகர) வேலைச் சொற்பட்டியலில் "வீல் ஆர்ச்" (வண்டியில் சக்கரத்தைச் சுற்றி வளைந்து வரும் பகுதி) என்பதற்குச் "சக்கர வளைவு" என்று போட்டு வைத்திருக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு "வைட் ஆர்ச்", "ஃபிளேர்", "ஆர்ச் லிப்" என்று அடுத்தடுத்து வருகின்றன. இப்போதைக்கு அகல்சக்கர வளைவு, விரிவளைவு, வளைவு உதடு என்று எழுதியாகிவிட்டது. "அகல்சக்கர வளைவு" என்றால் அகலமானது சக்கரமா, வளைவா? பிரிமியர் பத்மினி போன்ற பழைய நான்கு கதவு வண்டிக்கு அகலமான டயர் போடுவதற்காக மட்கார்டை வெளியே தள்ளிக் கட்டும் வேலை பற்றிய பாடம் இது. சொல்லை முதலில் முடிவு செய்யலாமா, வேலையை முதலில் எழுதிவிட்டுச் சொல் தேடலாமா?

பாடிக்காரன் எழுதியது:

வேலையை முதலில் எழுதுங்கள். "ஆர்ச்" என்ற ஒரே சொல்லால் பட்டறையில் நான்கு வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறோம். ஆள் பக்கத்தில் நின்று விரலால் காட்டுவதால் அங்கே குழப்பம் வருவதில்லை. புத்தகத்தில் விரல் கிடையாது.

1. சக்கரம் தெரியும் திறப்பு.
2. அந்தத் திறப்பின் ஓரத்தில் தகரம் உள்பக்கமாக மடிந்திருக்கும் 10 முதல் 15 மி.மீ. பட்டை. பட்டறையில் "லிப்".
3. சக்கரத்தின் மேல் உள்ளே கவிந்திருக்கும் தகரம். பட்டறையில் "இன்னர்".
4. டயரை மூட வெளியே புடைத்து நிற்கும் பகுதி. சொற்கிடங்கு கேட்பது இதைத்தான்.

"சக்கர வளைவு" எதற்கும் ஆகாது. குழியில் விட்டு ரிம் வளைந்தால் அதுதான் சக்கர வளைவு. சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கிறார்களே, அது.

பாடத்தில் கட்டாயம் வர வேண்டிய கணக்கு இது. பத்மினியின் பழைய டயர் 5.20-14, அதாவது 5.20 அங்குலம், ஏறத்தாழ 132 மி.மீ. அகலம். அதை எடுத்துவிட்டு 195 மி.மீ. அகலமுள்ள 195/60 ஆர்14 போடுகிறோம் என்று வையுங்கள். அகலத்தில் 63 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு 31.5. புது ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) பழையதைவிட 15 மி.மீ. குறைவு என்றால் டயரின் வெளிப்பக்கம் 46.5 மி.மீ. வெளியே வரும், உள்பக்கம் 16.5 மி.மீ. உள்ளே போகும். பலரும் வெளிப்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டுத் தகரத்தை வெட்டுகிறார்கள். பிறகு பின்சக்கரம் லீஃப் ஸ்பிரிங் பட்டையில் உரசும்; முன்சக்கரம் முழுத் திருப்பத்தில் பிரேக் ஹோஸைத் தேய்க்கும். டயர் உள்ளே போன பிறகும் உள்பக்கம் குறைந்தது 8 மி.மீ. இடம் மிஞ்சினால்தான் வெளிப்பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

விட்டத்தையும் பாருங்கள். 155/80 ஆர்14 போட்டு ஓடிய வண்டி என்றால் அதன் விட்டம் சுமார் 604 மி.மீ. புது டயரின் விட்டம் 590. வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மீட்டர் 61-க்குச் சற்று மேலே காட்டும். அது பெரிய சங்கதி இல்லை.

எவ்வளவு வெட்டுவது என்று கண்டுபிடிக்க, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, புது டயரோடு சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ரப்பர் (சக்கரம் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர்) நசுங்கும்வரை மேலே தூக்குங்கள். ஓரத்தில் களிமண்ணை உருட்டி ஒட்டிவைத்தால் எங்கே பட்டது, எத்தனை மி.மீ. மிச்சம் என்று அதுவே சொல்லிவிடும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். டயரின் பின்மூலை மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும், முன்மூலை பம்பர் பக்கமும் இடிக்கும். அதனால் முன் திறப்பு சரியான வட்டமாக அமையாது. காம்பஸ் வைத்து வரைந்து அப்படியே வெட்டியதை நம் ஊரிலேயே நிறையப் பார்க்கலாம்.

மயிலை மாடவீதி எழுதியது:

நான்காவது பொருளுக்கு முதலில் "இறவாரம்" என்று தோன்றியது; சுவரைத் தாண்டி நீண்டு மழைநீரைத் தள்ளிவிடும் கூரைப் பகுதி. ஆனால் அது நேராகச் சரிவது. "தாழ்வாரம்" சென்னையில் வேறு பொருளுக்குப் போய்விட்டது.

"கொடுங்கை" என்று வைத்தால்? கோயில் விமானத்தில் சுவருக்கு மேலே வெளியே நீண்டு, வளைந்து கீழே இறங்கும் உறுப்பு அது. கபோதம் என்றும் சொல்வார்கள். மாமல்லபுரம் ரதங்களில் கூடு என்னும் லாட வடிவ அலங்காரம் வைத்து வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கையோ கல்லில் மரச்சட்டமும் ஆணியும் தெரியும்படி செதுக்கியது. வளைவு, வெளிநீட்சி, கீழே இருப்பதை நீரிலிருந்து காப்பது என மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. "கொடு" இங்கே வளைந்தது. கொடுவாளில் வருவது போல. கொடுமையோடு தொடர்பில்லை.

எனவே: சக்கரவாய் (திறப்பு), உள்மடிப்பு (லிப்), சக்கரக்கூடு (இன்னர்), கொடுங்கை (ஃபிளேர்).

பாடிக்காரன் எழுதியது:

> சக்கரவாய், உள்மடிப்பு, சக்கரக்கூடு, கொடுங்கை

முதல் மூன்றும் நாளைக்கே பட்டறையில் சொன்னால் புரியும். நான்காவதைச் சொன்னால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். "மட்கார்டு" மட்டும் புரிந்தா வந்தது?

இந்தச் சொற்களை வைத்து வெட்டும் வேலையை எழுதிப் பார்க்கிறேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

பின்பக்கத்தில் வெளித்தகரமும் சக்கரக்கூடும் உள்மடிப்பில் ஸ்பாட் வெல்டால் சேர்ந்திருக்கும். பத்மினி, அம்பாசடர் இரண்டுக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலே சுமை தாங்குகிறது. உள்மடிப்பை வெட்டி எறிந்தால் இரண்டு தகரமும் பிரிந்து அந்த மூலையே தளர்ந்துபோகும். எனவே முதலில் வெளித்தகரத்தை மட்டும் குறித்த கோட்டில் வெட்ட வேண்டும். தெரிகிற சக்கரக்கூட்டின் ஓரத்தை 20 முதல் 25 மி.மீ. இடைவெளியில் கீறி நாக்கு நாக்காக்கி, ஒவ்வொன்றையும் வெளியே மடக்கி வெளித்தகரத்தைத் தொடவைத்துப் பற்றவைக்க வேண்டும். நாக்குகளுக்கு நடுவே விரியும் முக்கோண இடைவெளிகளைத் துண்டுத் தகரத்தால் அடைக்க வேண்டும். அங்கே பட்டியை (பெயிண்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசை) அப்பி மூடுகிறவர் அடுத்த ஐப்பசி மழைக்குள் திரும்ப வருவார்.

கொடுங்கைக்கு 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகரம் போதும், சுமார் 0.9 மி.மீ. பற்றவைக்க சி.ஓ.டூ வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி. ஒரு இடத்தில் 10 மி.மீ.க்கு மேல் இழுக்கக் கூடாது. அடுத்த புள்ளி எதிர்ப்பக்கத்தில். கைவைக்கும் சூடு வந்த பிறகுதான் பக்கத்துப் புள்ளி. கேஸ் வெல்டிங்கில் நீளமாக இழுத்தால் கதவுக்குப் பின்னால் தகரம் அப்பளமாகிவிடும். அதைத் தட்டி நிமிர்த்தும் நேரத்தில் இன்னொரு வண்டியே முடித்துவிடலாம்.

வெட்டாமல் உள்மடிப்பை மட்டும் மேலே மடக்கினால் 10 மி.மீ. அளவுக்கு இடம் கிடைக்கும். ஹாட் ஏர் கன்னால் பெயிண்டைச் சூடாக்கிக்கொண்டே மெதுவாக மடக்க வேண்டும். அதற்கு முன் ஒரு காந்தத்தை ஓரமாக ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டிதான் இருக்கிறது, மடக்கியதும் உதிரும்.

மணலி எழுதியது:

தகரக் கொடுங்கையை மட்டும் எழுதினால் பாடம் பாதிதான். சென்னையில் பலரும் செய்வது ஃபைபரில் வார்த்து போல்ட் போடுவது. அந்த இரண்டுக்கும் தனிப்பெயர் வேண்டும். உடல் தகரத்தோடு பற்றவைத்து ஒன்றாக்கியது "இணைக் கொடுங்கை". மேலே வைத்துப் பொருத்துவது "ஒட்டுக் கொடுங்கை". ஒட்டு என்பதை மாமரத்துக்குச் சொல்வதால் பிழையாகாது.

ஒட்டுக் கொடுங்கைக்கு மாதிரி செய்யத் தெர்மோகோலைப் பலர் எடுக்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்து கூழாகிவிடும். பி.யூ. ஃபோமோ களிமண்ணோ எடுங்கள். மாதிரியிலிருந்து அச்சு எடுத்து, மெழுகு பூசி, ஜெல்கோட் (வெளிப்பரப்பாக வரும் ரெசின் பூச்சு) அடித்து, அது விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு. கையால் போடும்போது அடுக்குக்கு ஒரு மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 3 மி.மீ. நான்கு அடுக்குக்கு மேலே போட்டால் எடைதான் கூடும்.

சித்திரை வெயிலில் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும். 2 சதவீதம் விட்டால் டப்பாவிலேயே இறுகிச் சூடேறிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். மாணவர் பாடத்தில் இந்த வரியைப் பெட்டி கட்டிப் போடுங்கள்.

பொருத்துவதற்கு 5 மி.மீ. போல்ட், உடலில் ரிவெட் நட் (தகரத் துளையில் ரிவெட் போலப் பிடித்துக்கொள்ளும் நட்), 80 முதல் 100 மி.மீ. இடைவெளி. ஃபைபரில் துளை போல்ட்டைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும்; இறுக்கமாக இருந்தால் துளையைச் சுற்றி நட்சத்திர விரிசல் விழும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் பீடிங். துளையிட்ட தகரத்துக்கு எபாக்சி பிரைமர் அடிக்காமல் ரிவெட் நட்டை ஏற்றினால் துருப் பிடிப்பது அங்கேதான் தொடங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று வேறு.

சொற்கிடங்கு எழுதியது:

இணை, ஒட்டு இரண்டும் பட்டியலில் ஏறின. வினையாகச் சொல்ல "கொடுங்கை கட்டுதல்" போதுமா? "கொடுங்கையிடல்" நாக்கில் நிற்கவில்லை.

நான்கு கதவு வண்டி என்று பாடத்தலைப்பிலேயே இருக்கிறதே, அதற்கும் இரண்டு கதவுக்கும் வேலையில் என்ன வேறுபாடு?

பாடிக்காரன் எழுதியது:

"கட்டுதல்" போதும். சுவர் கட்டுகிறோம், பாடி கட்டுகிறோம்.

வேறுபாடு பின்கதவில். இரண்டு கதவு வண்டியில் பின் சக்கரவாயைச் சுற்றி ஒரே தகரம். நான்கு கதவு வண்டிகள் பலவற்றில் பின்கதவின் கீழ்ப்பின் மூலை சக்கரவாயை ஒட்டி வளைந்து வரும். கதவுக்கும் திறப்புக்கும் நடுவே குறுகலான ஒரு பட்டைதான் மிஞ்சும். 50 மி.மீ. கொடுங்கை அந்தப் பட்டையோடு நிற்காது, கதவு மேலே ஏறிவிடும். அங்கே இரண்டு வழிதான். கொடுங்கையைக் கதவு இடைவெளிக்கு முன்பே சரித்து முடிப்பது ஒன்று. பார்க்க வெட்டுப்பட்டது போல இருக்கும், ஆனால் தொந்தரவில்லை. இல்லையென்றால் இரண்டு துண்டாக்கி, முன்துண்டைக் கதவிலேயே பொருத்துவது. அந்தத் துண்டுக்குக் "கதவுக் கொடுங்கை" என்று பெயர் வையுங்கள். "பின்கதவு விரிவளைவு முன்பாகம்" என்று யாரும் எழுதிவிடாமல் இருக்கவாவது.

கதவுக் கொடுங்கையில் கவனிக்க வேண்டியது திறக்கும் பாதை. கீல் முன்பக்கம் இருப்பதால் கதவின் பின்விளிம்பு முதலில் வெளியேதான் நகரும். ஆனால் கதவின் தடிப்பால் அதன் உள்மூலை கொஞ்சம் பின்னோக்கியும் வரும். இரண்டு துண்டுக்கும் நடுவே மூடியிருக்கும்போது 5 மி.மீ. விடுங்கள், பின்துண்டின் விளிம்பை உள்பக்கம் சரித்து இழையுங்கள். கீல் தேய்ந்து கதவு தொங்குகிற வண்டியில் முதலில் கீல் பின்னை மாற்றிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். தொங்கும் கதவுக்கு அளந்து செய்த துண்டு, கீல் சரியானதும் 3 மி.மீ. மேலே நிற்கும். இணைக் கொடுங்கை கதவுக்கு வேண்டாம். கதவுத் தகரம் மெல்லியது, வெல்டிங் சூட்டில் நெளியும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்குப் பின்கதவைப் பூட்டிவிட்டு ஒரே துண்டாகப் போடுவது உண்டு. சாலை வண்டிக்கு அந்தச் சோம்பேறித்தனம் ஆகாது, பின்னால் உட்கார்ந்தவர் இறங்க வேண்டும்.

உள்ளே நீர் தங்காமல் கொடுங்கையின் இரண்டு கீழ்முனையிலும் 8 மி.மீ. வடிதுளை. பற்றவைத்த இடத்துக்குப் பின்புறம் ஜிங்க் பிரைமர், சீலர், கடைசியில் மெழுகு. சக்கரக்கூட்டில் கல்லடி தாங்கும் அண்டர்கோட்டிங். வடிதுளையை அதே அண்டர்கோட்டிங்கால் அடைத்து அனுப்பும் பட்டறைகள் உண்டு. வண்டியை எடுக்கும் முன் கம்பி விட்டுப் பாருங்கள்.

சக்கரம் வெளியே போகப் போக ஹப் பேரிங்குக்கு நெம்புவிசை கூடும், குழியில் ஸ்டீயரிங் உதைக்கும். கொடுங்கை அதைத் தீர்க்காது. டயரை மூடும், அவ்வளவே.

மணலி எழுதியது:

பாடத்தில் சட்டம் ஒரு பத்தி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. பத்மினி வண்டிகள் எல்லாமே 15 ஆண்டு தாண்டியவை. பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போயாக வேண்டும். வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பது நல்லது. ஒட்டுக் கொடுங்கையைக் கழற்றிவிடலாம். அதற்காக உள்ளே வெட்டிய சக்கரவாய் திரும்ப வளராது.

மயிலை மாடவீதி எழுதியது:

பாடம் முழுக்க "ஆஃப்செட்" அப்படியே வருகிறதே. "விலக்கம்" என்று மாற்றலாமா?

சொற்கிடங்கு எழுதியது:

அச்சுத் தொழிலில் ஆஃப்செட் வேறு, நில அளவையில் வேறு. இந்த இழையில் அதைத் தொடங்கினால் பாடம் தை மாதத்துக்குத் தள்ளிப் போய்விடும். தனி இழை திறக்கிறேன். அதுவரை ஆஃப்செட் என்றே இருக்கட்டும். பாடிக்காரன், கதவுக் கொடுங்கையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வேண்டும், 5 மி.மீ. இடைவெளியையும் இழைத்த விளிம்பையும் குறித்து அனுப்புங்கள்.