ரக்பி ஸ்க்ரம்மில் (ரெண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்துக்கிட்டு மோதித் தள்றது) விழும் அடியை அளந்தவங்க இருக்கீங்களா?

கணபதி லோட்செல்: எடைமேடைக்கு லோட் செல், அதாவது மேல விழற பாரத்தை மின் சிக்னலா மாத்தற கருவி, மாட்டறதுதானுங்க நம்ம பொழப்பு. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் ரக்பி டீமுக்கு, தள்ளிப் பழகற ஸ்லெட் செஞ்சு குடுத்தோம். "எவ்வளவு தள்றோம்னு தெரியோணும்ணா"ன்னாங்க பசங்க. தோள் படற பேடுக்குப் பின்னால லோட் செல்லை வெச்சோம். மீட்டர் அவங்களே வாங்கி வெச்சிருந்தாங்க, எடைமேடை மீட்டர்.

எட்டுப் பேரும் கோத்துட்டு வந்து மோதுனாங்க பாருங்க, இரும்புச் சட்டமே அதிர்ந்துருச்சு. மீட்டர்ல நம்பர் மட்டும் சாவகாசமா ஏறிப் போய் நின்னுச்சு. லாரி ஆடுனாலும் நம்பர் ஆடக்கூடாதுன்னு சராசரி போட்டுக் காட்டற மீட்டருங்க அது. மோதற அடி கண்ணு சிமிட்டற நேரத்துல முடிஞ்சிரும், அதுக்குச் சிக்காது. நொடிக்கு 1,000 தடவை அளவைப் பதியற கார்டு போட்ட பொறகுதான் கிராஃப்ல ஊசி மாதிரி ஒரு உச்சி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு இறக்கம், அப்புறம் சமமா ஒரு தள்ளு.

இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துக்காரங்க இதையே பெருசா அளந்திருக்காங்க. சர்வதேச ஆண்கள் அணி மோதறப்ப உச்சி 16.5 கிலோநியூட்டன் வரைக்கும் போயிருக்குது; எடைக் கணக்குல 1,680 கிலோ. நின்னு தள்றப்ப அதுல பாதிதான்.

பழைய ஹூக்கர்: அண்ணா, ஸ்க்ரம் முன்வரிசை நடுவுல ஹூக்கரா நின்னவன் சொல்றேன். முன்னால வர்ற தள்ளைத் தாங்கிக்கலாம்ங்க. கீழ அமுக்கறதும் பக்கவாட்டுல இழுக்கறதும்தான் கழுத்துக்கு வெனை. ஸ்லெட் இரும்பு, எதிர்ல இருக்கறவன் மனுசன். அவன் ஒரு பக்கம் சரிஞ்சான்னா மொத்தமும் மேல விழும். உங்க லோட் செல் நேரா வர்றதை மட்டுந்தானே பாக்குது?

கணபதி லோட்செல்: ஆமாங்க, நேர்த் தள்ளு மட்டுந்தான். மூணு திசைக்கும் வெச்சா செலவு எங்கியோ போயிரும். ஆனா பாத்காரங்க அதையும் அளந்தாங்க. மோதறதுக்கு முன்னாலயே ப்ராப் ரெண்டு பேரும் (முன்வரிசையில ரெண்டு ஓரத்துலயும் நிக்கறவங்க) எதிராளி ஜெர்சியைப் புடிச்சுக்கிட்டா உச்சி 25 சதவீதம் அளவுக்குக் கொறையுதுன்னு கண்டாங்க. 2013ல 'க்ரௌச், பைண்ட், செட்'னு (குனி, புடி, மோது) விதியை மாத்துனது அதை வெச்சுத்தான்.

அந்தியூர் தம்பி: பொங்கலுக்கு எங்கூர்ல கயிறு இழுக்கறதை இப்படி அளக்கலாமுங்களா?

கணபதி லோட்செல்: தாராளமா அளக்கலாம் தம்பி. கயித்துக்கு நடுவுல எஸ் டைப் லோட் செல் (எஸ் எழுத்து வடிவத்துல இருக்கறது) ஒண்ணு போதும். ஆனா தொய்வை எடுத்து, கயிறு விறைச்ச பொறகுதான் விசில் அடிக்கோணும். இல்லீன்னா முதல் வெட்டு இழுப்புலயே செல் போயிரும். தெறிச்சா ஆபத்து, ஆளுகளைத் தள்ளி நிக்கச் சொல்லு.