எல்லைப்புறச் சிற்றூர் வார இதழ்களில் சட்ட அறிவிப்புகளும் விளம்பரங்களும்: 1880-களின் கான்சஸ் குறித்து ஒரு கேள்வி

தாள்நோக்கி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த குடியேற்றத்தைப் பற்றிப் படித்து வருகிறேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள் தொகுப்பில், மேற்குக் கான்சஸிலிருந்து 1880-களில் வெளிவந்த வார இதழ்களைப் பார்க்கத் தொடங்கியபின், செய்திகளைவிட விளம்பரங்களும் அறிவிப்புகளுமே என் கவனத்தை இழுக்கின்றன.

சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில், அதுவும் கையில் காசு புழங்காத காலத்தில், இரண்டு மூன்று வார இதழ்கள் எப்படிப் பிழைத்தன என்பதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளூர்க் கடைக்காரர்கள் கொடுத்த விளம்பரங்களைப் பார்த்தால், தாள் வாங்கவே அந்தப் பணம் போதாது என்று தோன்றுகிறது. அதே வேளையில், பெயரும் தேதியும் நில எண்ணும் மட்டும் மாற, மற்றபடி ஒரே வாசகத்தில் அமைந்த அறிவிப்புகள் பத்தி பத்தியாகப் பொடி எழுத்தில் வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் நான்கு பேர் சாட்சிகளாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஐந்தாறு வாரம் வந்தபின் அந்த அறிவிப்பு மறைந்துவிடுகிறது. இது போதாதென்று, நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியுள்ள இரண்டு ஊர்களின் இதழ்களில் சில பக்கங்கள், மருந்து விளம்பரங்கள் உட்பட, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த அறிவிப்புகள் எதற்காக வெளியாயின, யார் பணம் கொடுத்தார்கள், அக்கால வாழ்க்கைக்குச் சான்றாக இவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அச்சுமேசை:

வணக்கம். அந்த இதழ்களுக்குச் சோறு போட்டவையே தாங்கள் குறிப்பிடும் பொடி எழுத்து அறிவிப்புகள்தாம்.

1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைத் தம் பெயரில் பதிந்துகொண்டு, அதில் வீடு கட்டி ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால், சிறு கட்டணத்தில் அந்நிலம் அவருக்குப் பட்டாவாகும். அவ்வளவு காலம் காத்திருக்க விரும்பாதவர், ஆறு மாதம் குடியிருந்ததை மெய்ப்பித்து, பெரும்பாலான இடங்களில் ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற விலையில் வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. எந்த வழியாக இருந்தாலும், "குடியிருந்தேன், உழுதேன்" என்பதைச் சாட்சிகளோடு மெய்ப்பிக்கும் இறுதி விசாரணை ஒன்று உண்டு. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமலே அது நடந்து முடிந்த காலத்தில், அந்த மண்ணில் ஓர் இரவுகூடத் தங்காதவர்கள் பொய்ச் சாட்சி வைத்துப் பட்டா வாங்குவது எளிதாக இருந்தது. 1879 மார்ச் 3-ஆம் நாள் நிறைவேறிய சட்டம் இதற்குக் கடிவாளம் போட முயன்றது. அதன்படி, குடியேறி முதலில் தம் எண்ணத்தையும் சாட்சிகளின் பெயர்களையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். நில அலுவலகப் பதிவாளர் அதை நிலத்துக்கு மிக அருகில் வெளியாகும் செய்தித்தாளில் முப்பது நாள் வெளியிடச் செய்து, தம் அலுவலகத்திலும் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் அந்த இடைவெளியில் முன்வரலாம். வெளியீட்டுச் செலவு குடியேறியைச் சேர்ந்தது. வார இதழுக்கு முப்பது நாள் என்றால் ஐந்து அல்லது ஆறு இதழ்கள். தாங்கள் கண்ட கணக்கு அதுவே.

சட்டம் அருகாமையை மட்டும் அளவுகோலாக வைத்ததால், இதழின் தரமோ விற்பனையோ பார்க்கப்படவில்லை. ஆகவே, குடியேறிகள் பெருந்திரளாக வந்திறங்கிய டகோட்டாவிலும் மேற்குக் கான்சஸிலும், கையால் இயக்கும் அச்சுப்பொறி ஒன்றும் சில பெட்டி எழுத்துகளும் வைத்திருந்தவர், புல்வெளி நடுவே பலகைக் கொட்டகை போட்டு ஓர் இதழைத் தொடங்கிவிட்டால் போதும், சுற்றுவட்டாரத்து அறிவிப்புகள் அவரைத் தேடி வந்தன. ஒருவருக்காகக் கோத்த எழுத்தைக் கலைக்காமல், பெயரையும் எண்களையும் மட்டும் மாற்றி அடுத்தவருக்கு அச்சிட முடிந்ததால் வேலையும் குறைவு. சந்தாவுக்குப் பணத்துக்குப் பதில் விறகும் சோளமும் வந்து சேர்ந்த காலத்தில், ரொக்கமாகக் கிடைத்த இந்த வருவாயின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. வட்டாரத்து நிலங்களெல்லாம் பட்டாவாகி முடிந்ததும் அந்த வருவாயும் நின்றுவிடும். 1880-களின் இறுதியில் வறட்சியும் சேர்ந்து குடியேறிகள் கிழக்கே திரும்பத் தொடங்கியபோது, மேற்குக் கான்சஸில் இதழ்கள் அடுத்தடுத்து மூடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சான்று என்ற முறையில் இவற்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒவ்வோர் அறிவிப்பிலும் நிலத்தின் செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (கிழக்கு மேற்காக எத்தனையாவது வரிசை என்பது) எண்கள் இருக்கும். ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைல் சதுரம். அதில் 36 செக்ஷன்கள். செக்ஷனில் கால் பங்கு 160 ஏக்கர். ஒரு கட்டத் தாளில் இந்த எண்களைக் குறித்துக்கொண்டே வந்தால், யாருக்கு யார் அண்டை வீட்டார் என்பது தெரியும். சாட்சிகளையும் சேர்த்துக் குறித்தால் இன்னும் தெளிவு: இந்த வாரம் விண்ணப்பிப்பவருக்குச் சாட்சியாக நிற்பவர், இரண்டு மாதம் கழித்துத் தாம் விண்ணப்பிக்கும்போது இவரையே சாட்சியாகக் காட்டியிருப்பார். மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் தம் பெயரிலேயே நிலம் பதிந்திருப்பதையும் இந்தப் பத்திகளில் காணலாம். ஊர்ச் செய்திப் பத்தியில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இராது.

மேய்ச்சல்வெளி:

நில அறிவிப்புகளை அச்சுமேசை ஐயா விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் கால்நடைக்கு வருகிறேன். அக்காலக் கான்சஸில் வழிதவறி வந்த மாட்டையோ குதிரையையோ பிடித்தவர் பேசாமல் வைத்துக்கொள்ள முடியாது. தம் டவுன்ஷிப்பில் மூன்று இடங்களில் எழுதி ஒட்டிவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். உரியவர் வராவிட்டால் உள்ளூர் நீதிபதி முன் சத்தியம் செய்து, விலங்கை மதிப்பிடச் செய்ய வேண்டும். மதிப்பு பத்து டாலருக்கு மேற்பட்டால், 1866 பிப்ரவரி 27-ஆம் நாளின் சட்டப்படி, கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) எழுத்தர் அதன் அடையாளங்களை 'கான்சஸ் ஃபார்மர்' என்ற வேளாண் இதழுக்கு, விலங்கு ஒன்றுக்கு ஐம்பது சென்ட் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். ஓராண்டுக்குள் எவரும் உரிமையை மெய்ப்பிக்காவிட்டால், விலங்கு பிடித்தவருக்கே சொந்தமாகும்.

நிறம், வயது, நெற்றிச் சுட்டி, காது வெட்டு, தொடையில் இட்ட சூடு, மதிப்பு, பிடித்தவருடைய பெயர், ஊர் என்று கவுண்டி வாரியாக அடுக்கிய அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மாடு தொலைத்த ஒருவர், மாநிலத்தின் மறுகோடியில் அது அகப்பட்டிருந்தாலும், ஒரே இதழைப் புரட்டித் தேட முடிந்தது என்பதே பெரிய ஏற்பாடுதான். மேய்ச்சல் வட்டாரத்து இதழ்களில், பண்ணையாளர்கள் சிறு மாட்டுப் படம் ஒன்றில் தங்கள் சூட்டுக்குறியைப் பொறித்து, அஞ்சல் முகவரியும் மேய்ச்சல் எல்லையும் சேர்த்து வெளியிட்டதற்கும் நோக்கம் ஒன்றே: அந்தக் குறியோடு அலையும் மாட்டைக் கண்டவர் யாரிடம் சொல்வது என்பது தெரிய வேண்டும்.

நம்பகத்தைப் பொறுத்தவரை, சத்தியத்தின் பேரில் வெளியான அறிவிப்பையும் ஒருவர் தம் விருப்பத்தின்படி கொடுத்த விளம்பரத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் கருத்து. மேற்குக் கான்சஸின் மாட்டுச் சந்தை ஊரான டாட்ஜ் சிட்டியில் வெளியான 'டாட்ஜ் சிட்டி டைம்ஸ்' இதழில், சூதாட்டத்துக்கும் துப்பாக்கிக்கும் பெயர்போன பல் மருத்துவர் டாக் ஹாலிடே 1878 ஜூன் 8-ஆம் தேதி கொடுத்த விளம்பரம் பலருக்குத் தெரிந்ததே. கோடைக்காலத்தில் நகரத்தாருக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் பல் மருத்துவம் செய்ய டாட்ஜ் ஹவுஸ் விடுதியின் 24-ஆம் எண் அறையில் இருப்பதாகவும், மனநிறைவு இல்லாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்றும் அதில் இருக்கிறது. எத்தனை பேர் அவரிடம் பல் காட்டினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால், டெக்சாஸ் மந்தைகளோடு ஆட்களும் பணமும் வந்து குவியும் கோடைதான் டாட்ஜ் சிட்டியில் தொழில் நடக்கும் காலம் என்பதை, சொல்ல நினைக்காமலே சொல்லிவிடுகிறது. விளம்பரத்தில் நான் தேடுவது இத்தகைய செய்தியைத்தான்.

மனைவி வீட்டை விட்டுச் சென்றுவிட்டதாகவும் இனி அவள் படும் கடனுக்குத் தாம் பொறுப்பில்லை என்றும் கணவர்கள் கொடுத்த அறிவிப்புகளைப் படிக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவை ஒரு தரப்பின் சொல் மட்டுமே. மறுப்பு அறிவிப்புக்குப் பணம் கட்ட எல்லாப் பெண்களாலும் முடிந்திருக்காது.

புல்வெளிவாசி:

ஒரே மாதிரியான பக்கங்களைப் பற்றிய கேள்விக்கு விடை விஸ்கான்சினில் இருக்கிறது. 1861-இல், பாராபூ என்ற ஊரில் இதழ் நடத்திய அன்செல் கெல்லாக், தம் அச்சுக்கோப்பாளர் உள்நாட்டுப் போருக்குச் சென்றுவிட்டதால், உட்பக்கங்களை மாநிலத் தலைநகரான மாடிசனில் அச்சிட்டு வரவழைத்து, மற்ற பக்கங்களை மட்டும் தாமே அச்சிட்டார். போர் முடிந்தபின் 1865-இல் சிகாகோவில் இதையே தொழிலாக்கினார். கதை, பொதுச் செய்தி, மருந்து விளம்பரம் ஆகியவை ஒரு புறம் அச்சான தாள் ரயிலில் வரும். மறுபுறத்தில் ஊர்ச் செய்தியையும் அறிவிப்புகளையும் உள்ளூரார் அச்சிடுவார்கள். விளம்பர வருவாய் தாளை அனுப்பியவருக்குச் சேர்ந்ததால், அந்தத் தாள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஆகவே அந்த மருந்து விளம்பரங்களை வைத்து, இந்த ஊரார் இந்த மருந்தைக் குடித்தார்கள் என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகும்.

அந்த மருந்துப் பணம் ஊருக்குள்ளேயே வந்து இறங்கிய கதையும் உண்டு. 'ஹாப் பிட்டர்ஸ்' என்ற மருந்தை நாடு முழுதும் விளம்பரம் செய்து பொருள் ஈட்டிய, நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டர் நகரத்து ஏசா சோல், தென்மேற்குக் கான்சஸில் அர்கன்சாஸ் ஆற்றிலிருந்து நீண்ட பாசனக் கால்வாய் ஒன்றை வெட்டச் செய்ததோடு, தாம் வளர்த்த இங்கால்ஸ் என்ற ஊரை கிரே கவுண்டியின் தலைமையிடமாக்கவும் பணத்தை இறைத்தார். போட்டி ஊர் சிமரோன். 1889 ஜனவரி 12 அன்று, கவுண்டிப் பதிவேடுகளை எடுத்துவர இங்கால்ஸ் தரப்பார் துப்பாக்கியோடு சிமரோன் சென்றபோது நடந்த சண்டையில் ஓர் உயிர் போனது. தலைமையிடம் எந்த ஊரோ, அங்கேதான் நீதிமன்றமும் மனை விலையும். இதழாசிரியர்களுக்கோ, வரி பாக்கிப் பட்டியல், ஷெரிப் (கவுண்டியின் காவல் தலைவர்) நடத்தும் ஏலம், ஆணையர் கூட்ட நடவடிக்கை ஆகியவற்றை அச்சிடும் அதிகாரபூர்வ இதழ் என்ற தகுதியும் அதோடு சேர்ந்தது. தலைமையிடச் சண்டையில் அவர்கள் அத்தனை ஆவேசமாக எழுதியதை இந்த வருவாயையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

சுரங்கவழி:

சுரங்க ஊர்களிலும் இதே நிலைதான். 1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, கிளெய்ம் (சுரங்கம் தோண்ட ஒருவர் உரிமை கோரிப் பதிந்த நிலம்) ஒன்றுக்குப் பட்டா கேட்பவர் அருகிலுள்ள செய்தித்தாளில் அறுபது நாள் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய நூறு டாலர் மதிப்புள்ள வேலையில் தன் பங்கைத் தராத கூட்டாளிக்குத் தொண்ணூறு நாள், வாரம் ஒரு முறையேனும் அறிவிப்பு வெளியிட்டு, அதன்பின் தொண்ணூறு நாளிலும் அவர் செலுத்தாவிட்டால், அவருடைய பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும். வேலை தேடி வேறு மாநிலம் சென்ற கூட்டாளி அந்தச் சிற்றூர் இதழை எங்கே பார்த்திருப்பார்?

இந்த அறிவிப்புகள் யாரை நோக்கிப் பேசவில்லை என்பதையும் கருத வேண்டும். டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியில் தங்கச் சுரங்க ஊரான டெட்வுட்டில் 'பிளாக் ஹில்ஸ் பயனியர்' இதழ் 1876 ஜூன் 8 அன்று தொடங்கியபோது, 1868-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்த மலைப்பகுதி சூ என்ற பூர்வகுடி மக்களுடையது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை அவர்களிடமிருந்து பறித்துச் சட்டம் இயற்றியதே 1877 பிப்ரவரி 28-இல்தான். அதற்குமுன் அங்கே நடந்த கடைகளும் பதிந்த கிளெய்ம்களும் சட்டத்துக்குப் புறம்பானவை. ஆயினும் இதழின் பத்திகள், எல்லாம் முறைப்படி நடக்கும் ஊர் என்ற தோற்றத்தையே தருகின்றன. அந்த நிலப்பறிப்புக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1980-இல்.

தாள்நோக்கி:

அனைவருக்கும் மிக்க நன்றி. கட்டத் தாளில் நிலங்களைக் குறிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன். அறிவிப்பு வெளியானவருக்குப் பட்டா உண்மையிலேயே கிடைத்ததா என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது?

அச்சுமேசை:

அமெரிக்க அரசின் நில மேலாண்மை அலுவலகம், பழைய பட்டாக்களின் படிகளை இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. மாநிலம், டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் ஆகியவற்றை உள்ளிட்டால் யார் பெயரில், எந்தத் தேதியில் பட்டா ஆனது என்பது தெரியும். விசாரணைக்கும் பட்டாவுக்கும் இடையே மாதங்களோ, சில வேளைகளில் ஆண்டுகளோ கழிந்திருக்கும் என்பதால் தேதி பொருந்தவில்லையே என்று கலங்க வேண்டாம். வேறு பெயரில் பட்டா ஆகியிருந்தால், அதே இதழில் முன்னும் பின்னும் தேடி, நிலத்தைக் கைவிட்டுச் சென்றதாக ஒருவர்மீது மற்றொருவர் தொடுத்த வழக்கின் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பிடம் தெரியாத எதிர்த்தரப்பாருக்கு அழைப்பாணையைச் செய்தித்தாள் வழியாகவே விடுத்தார்கள் என்பதால், அந்த வழக்கும் பெரும்பாலும் அதே பொடி எழுத்துப் பத்தியில்தான் இருக்கும்.