சார்லஸுக்குப் பிறகும் முடியாட்சி நிலைக்குமா? கணிப்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலையே

லெஸ்டர் மல்லிகா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் எனக்குக் குடியுரிமை விழா. மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும். வீட்ல சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன். ஏ லெவல்ல அரசியல் எடுத்திருக்கிற என் பையன், "வாரிசுகள்ங்கிறியே அம்மா, வில்லியமோட பையன் குட்டி ஜார்ஜ் பெரியவனாகுறப்ப அந்த வேலை காலியா இருக்குமா, இல்ல வேலையே இருக்காதா?"ன்னு கிண்டல் பண்றான். பிரிட்டன் மக்கள் மனசுல முடியாட்சிக்கு என்ன இடம்னு இப்ப அவனுக்குக் கட்டுரை வேற.

ஆதாரம் எங்கடான்னு கேட்டதுக்கு மூணு கணிப்பைக் காட்டினான். முதல் கணிப்புல முடியாட்சி வேணும்னு 58 சதவீதம், தேர்ந்தெடுத்த தலைவர் வேணும்னு 26. ரெண்டாவதுலயும் அதே 58, ஆனா எதிர்ப்பு 38. மூணாவதுல முடியாட்சி "மிக முக்கியம்"னு சொன்னவங்க வெறும் 29. நாடு ஒண்ணு, மக்களும் அதே மக்கள்தான். எதை நம்புறது? இங்க ரொம்ப வருஷமா இருக்கிறவங்க யாராவது சொல்லுங்களேன். பையனுக்கு மட்டுமில்ல, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

கிளாஸ்கோ கந்தன்

இங்கிலாந்துக் கணக்கை அப்படியே ஸ்கொட்லாந்துக்குப் பொருத்தாதீங்க. இங்கே ஆதரவு எப்போதும் குறைவு. அதே நேரம் 2014 தனிநாட்டு வாக்கெடுப்புக்கு ஸ்கொட்லாந்து அரசு வெளியிட்ட திட்டத்தில், தனிநாடு ஆனாலும் மகாராணி எலிசபெத்தே நாட்டுத் தலைவர் என்றுதான் இருந்தது! 2022 செப்டம்பரில் எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் அவரது உடலைப் பார்க்க இரவெல்லாம் சனம் வரிசையில் நின்றது. அதே வாரத்தில் அதே வீதியில் எதிர்ப்பு அட்டை பிடித்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டும் போனது. ரெண்டும்தான் ஸ்கொட்லாந்து.

கதவுதட்டி (மிட்சம்)

தங்கச்சி, இது என்ர தொழில் சம்பந்தமான கேள்வி. ஓய்வெடுக்கும் வரைக்கும் நான் செய்தது கருத்துக்கணிப்புக்காக வீடு வீடாக் கதவு தட்டுற வேலை. கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல உந்த ரெண்டு 58ஐயும் பாப்பம். முதலாவது, 2023 ஏப்ரல்ல, முடிசூட்டுக்குக் கொஞ்சம் முன்னம், பிபிசியின்ர பனோரமா நிகழ்ச்சிக்காக யூகவ் எண்ட கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்தது. 58ஐயும் 26ஐயும் கூட்டினா 84. மிச்சம் 16 பேர் "தெரியாது" எண்ட பெட்டிக்குள்ள இருக்கினம். இரண்டாவது, நாட்சென் எண்ட சமூக ஆய்வு நிறுவனம் 2024ல எடுத்தது. ரெண்டில ஒண்டைச் சொல்லு எண்டு கேட்டவை. அங்க கூட்டினா 96 வருது. வருசம் வேற, ஆக்களைத் தெரிஞ்செடுத்த முறையும் வேற, அதால ஒண்டை ஒண்டோட நேரா வைச்சு அளக்கேலாது. எண்டாலும் முடியாட்சிப் பக்கம் அசையேல்லை, எதிர்ப்பக்கம் மட்டும் 12 கூடியிருக்கு எண்டதைக் கவனியுங்கோ. முடிவெடுக்காதவையை நெருக்கிக் கேட்டா கனபேர் குடியரசுப் பக்கம் சாயினம் எண்டுதான் நான் வாசிப்பன். அரண்மனையில ஆரும் எண்களைப் பாக்கிறதெண்டா, அவையின்ர கண் போகவேண்டிய இடம் அந்தத் "தெரியாது" பெட்டிதான்.

மூண்டாவது, அந்த 29. அது நாட்சென்ர பழைய தொடர், 1983ல இருந்து கேக்கினம்: பிரித்தானியாவுக்கு முடியாட்சி எவ்வளவு முக்கியம்? 1983ல "மிக முக்கியம்" எண்டவை 65 சதவீதம். பேந்து படிப்படியா இறங்கி, 2000களின்ர நடுவில மூண்டில ஒரு பங்குக்கும் கீழ. 2011ல வில்லியம் கலியாணம், 2012ல மகாராணியின்ர வைர விழா, திரும்ப 45க்கு ஏறிச்சுது. 2023ல 29. அதால நேர்கோட்டில விழுந்துகொண்டு போகுது எண்டு உங்கட மகன் எழுதினா வாத்தியார் புள்ளி வெட்டுவார். இன்னொண்டு, 2020 வரைக்கும் அந்தக் கேள்வியை ஒரு ஆள் நேர முன்னால இருந்து கேட்டது. கொவிட்டோட ஒன்லைனுக்கு மாறிட்டுது. இது சின்ன விசயமில்லை. வரவேற்பறையில தேத்தண்ணி தந்துபோட்டு இருக்கிற ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, என்னைப்போல வெளிநாட்டு முகம் ஒண்டு முன்னால இருக்கேக்க, "உந்த ராசகுடும்பம் எனக்குத் தேவையில்லை" எண்டு லேசில சொல்ல மாட்டா. கணினிக்கு முன்னால அந்தக் கூச்சம் இல்லை.

இனி எண்ணுக்குள்ள வராத சங்கதி. குரொய்டன்ல ஒரு வீட்டில மகாராணியின்ர 1977 வெள்ளிவிழாத் தகர ரின் ஒண்டைத் தட்டில வடிவா வைச்சிருந்தவை. அந்த அம்மா மகாராணியைப் பற்றி நல்லாச் சொல்லிக்கொண்டு வந்தவ, குடும்பத்தில மற்ற ஆக்களைப் பற்றிக் கேட்டவுடன முகத்தைச் சுழிச்சா. "முடியாட்சி தொடரவேணுமா?" எண்டா "ஓம்". அவ ஓம் எண்டது ஒரு மனிசிக்கு. நான் புள்ளடி போட்டது ஒரு நிறுவனத்துக்கு. அந்த மனிசி 2022ல காலமாயிட்டா. இப்படிச் சேந்த ஓம் எத்தனை எண்டு ஒரு அட்டவணையும் சொல்லாது.

ஆனா நான் கூடக் கேட்டது அதுகூட இல்லை. ரிவியில கண்ணை வைச்சபடி "பாதகமில்லை, இருந்திட்டுப் போகட்டுமே" எண்டு சொல்லுற ஆக்களைத்தான். அதை நான் "ஓரளவு முக்கியம்" எண்ட பெட்டியில போடவேணும். வேற பெட்டி இல்லை. என்ர அபிப்பிராயத்தில இந்த நாட்டு முடியாட்சி நிக்கிறது பக்தியில இல்லை, இந்த "இருந்திட்டுப் போகட்டும்" இலதான். கூடிக்கொண்டு வாறது எதிர்ப்பெண்டு சொல்லுறதைவிட அக்கறையின்மை எண்டு சொல்லலாம்.

ஊழல், சண்டை வந்தா எல்லாம் கவிழ்ந்திடும் எண்டு ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் எழுதும். 1992 நவம்பர்ல வின்சர் கோட்டை எரிஞ்சது எனக்கு நல்ல நினைவு. மந்தமான காலம், கடன் கட்டேலாமல் சனம் வீட்டைப் பறிகுடுத்துக்கொண்டிருக்க, திருத்தச் செலவு அரசாங்கக் காசில எண்டு அறிவிச்சவை. அந்தக் கோபத்தை அதுக்கு முதல் நான் கண்டதில்லை. அடுத்த வருசத்தில இருந்து மகாராணி வருமானவரி கட்டத் தொடங்கினா, பக்கிங்ஹாம் அரண்மனையைக் காசுக்குத் திறந்துவிட்டவை. 1997ல டயானா செத்த கிழமை அதைவிட மோசம். ஆனா மோரி நிறுவனம் 1993ல இருந்து கேட்டுவந்த "முடியாட்சியா குடியரசா" கேள்வியைப் பாருங்கோ, குடியரசு எண்டவை ஏறத்தாழ இருபது வருசமா ஐஞ்சில ஒரு பங்கைச் சுத்தியே நிண்டவை. கோபம் வந்தது, போனது. ஆக்கள் அந்தப் பக்கம் போய்க் குடியேறேல்லை.

விக்டோரியா காலத்திலயும் இதே கதைதான். புருசன் செத்த துக்கத்தில அவ வெளியில தலைகாட்டேல்லை. பிரான்ஸில 1870ல குடியரசு வந்தவுடன இங்கயும் குடியரசுச் சங்கங்கள் முளைச்சுது. 1871ல சார்லஸ் டில்க் எண்ட எம்பி நியூகாசில்ல எழும்பி நிண்டு அரச குடும்பச் செலவைக் கிழிச்சவர். கொஞ்ச நாளில பட்டத்து இளவரசருக்கு நெருப்புக் காய்ச்சல் (டைபாய்டு). பிழைச்சிட்டார். 1872ல செயின்ட் போல்ஸில நன்றி வழிபாட்டுக்குச் சனம் அலைமோதினது. டில்க்கின்ர இயக்கம் படுத்திட்டுது.

குடிமகன் ஹாரோ

கதவுதட்டி ஐயா, நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்பதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். மன்னருக்கு அரசு தரும் சாவரின் கிராண்ட் 2024-25ல் 8.63 கோடி பவுண்டு. 2025-26ல் 13.21 கோடி. ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் உயர்வு! போலீஸ் பாதுகாப்புச் செலவு அதில் சேரவே சேராது. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 51 கோடி என்கிறது முடியாட்சியை எதிர்க்கும் ரிபப்ளிக் அமைப்பு. முடிசூட்டு விழா அன்று அந்த அமைப்பின் கிரகாம் ஸ்மித் உட்பட ஆறு பேரைக் காலையிலேயே பிடித்து அடைத்தார்கள், பிறகு வழக்கே இல்லை என்று விட்டார்கள், போலீஸ் வருத்தமும் தெரிவித்தது. இதையெல்லாம் 20 வயதுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே பனோரமா கணிப்பில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் முடியாட்சி வேண்டும் என்றவர்கள் 78 சதவீதம். 18-24 வயதில் 32தான், தேர்ந்தெடுத்த தலைவர் வேண்டும் என்றவர்கள் 38. கிழவர்கள் போய்ச் சேர்ந்தால் கணக்கு தானாகத் தீரும்.

கதவுதட்டி (மிட்சம்)

தம்பி, போய்ச்சேர வேண்டிய கிழவர்களில நானும் ஒருத்தன், கொஞ்சம் பொறும்.

காசுக் கணக்கு சரி, ஆனா அது ஏன் ஏறினது எண்டதுதான் ருசியான பகுதி. அந்த மானியம் கிரவுன் எஸ்டேட் எண்ட, முடியின்ர பேரில உள்ள காணி, கடல் சொத்துகளின்ர லாபத்தில ஒரு வீதம். 2017ல இருந்து 25 சதவீதம், பக்கிங்ஹாம் அரண்மனை திருத்தத்துக்கெண்டு கூட்டினது. பேந்து கடல்ல காற்றாலை வைக்கிற உரிமங்களால லாபம் 110 கோடிக்கு ஏறிட்டுது. வீதத்தை 12க்குக் குறைச்சும் தொகை கூடிட்டுது. லாபம் விழுந்தா மானியமும் விழவேணும் எண்டு நீர் நினைப்பீர், இல்லை. முந்தின வருசத்தைவிடக் குறையக் கூடாதெண்டு 2011 சட்டத்திலயே எழுதியிருக்கு. கட்டுரைக்கு இதைப் பிடிக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. 51 கோடியை மட்டும் அப்படியே போடவேண்டாம். மன்னருக்கும் பட்டத்து இளவரசருக்கும் வருமானம் தாற லங்காஸ்டர், கார்ன்வால் டச்சி எண்ட சொத்துகளின்ர வருமானம், பாதுகாப்புக்கு ஒரு மதிப்பீடு எல்லாம் சேத்த கணக்கு அது. ஒரு தரப்பின்ர வாதம் எண்டு சொல்லிப் போடலாம்.

வயசு விசயத்தில நீர் சொன்னது பாதி. இளம் ஆக்கள் குளிர்ந்து கிடக்கிறது புதிசில்லை, நான் வேலைக்குச் சேந்த காலத்திலயும் அப்படித்தான். வயசு போகப்போக அவை முடியாட்சிப் பக்கம் வருவினமா, இல்லை இந்தத் தலைமுறை வராதா? அதுக்குப் பதில் தெரியாம "தானாத் தீரும்" எண்டு சொல்லேலாது. என்ர ஊகம் கேட்டா, கொஞ்சம் பேர் வருவினம், முந்தி வந்த அளவுக்கு வராயினம்.

அப்படிக் கூடினாலும் ஆர் அதை எடுத்துப் பாராளுமன்றத்துக்குக் கொண்டு போறது? பசுமைக் கட்சியை விட்டா பெரிய கட்சி ஒண்டும் தொடாது. 1994ல லிபரல் டெமக்ராட் மாநாட்டில முடியாட்சியை ஒழிக்கவேணும் எண்டு பேசின மாணவி லிஸ் ட்ரஸ்தான், 2022 செப்டம்பர் 6ல பால்மோரல்ல மகாராணி கையால நியமனம் பெற்ற கடைசிப் பிரதமர். இளம் வயசில ஒழிக்கவேணும் எண்டவரில 2024ல பிரதமரான ஸ்டார்மரும் ஒருத்தர். இப்ப அவர் பேருக்கு முன்னால "சேர்" (Sir) பட்டம்.

மெல்பர்ன் சிவா

வெளியிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 1999 நவம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது ஆஸ்திரேலியா குடியரசாக வேண்டும் என்ற எண்ணம் பரவலாகவே இருந்தது. ஆனாலும் ஏறக்குறைய 55 சதவீதம் "வேண்டாம்". காரணம், கேள்வியில் இருந்த ஜனாதிபதியை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நியமிக்கும் என்பது. மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குடியரசுவாதிகளில் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். "மன்னர் வேண்டாம்" என்று சொல்வது சுலபம், "பதிலுக்கு யார், எப்படி" என்று கேட்டால் கூட்டம் உடையும். பார்படோஸில் 2021ல் வாக்கெடுப்பே வைக்காமல் நாடாளுமன்றத்தில் முடித்தார்கள்.

லெஸ்டர் மல்லிகா

அண்ணா, எல்லாருக்கும் நன்றி. பையன் பக்கத்துல உக்காந்து முழுசாப் படிச்சான். காற்றாலை விஷயத்துக்கு ஒரு "அடடா". ஆனா விடமாட்டேங்கிறான், "மன்னரோட தம்பி ஆண்ட்ரூகிட்ட இருந்து 2025 அக்டோபர்ல இளவரசர் பட்டத்தையே பிடுங்கினாங்களே, அது கணிப்பைப் பார்த்து பயந்துதானே?"ங்கிறான். இன்னொண்ணு, வயசானா மாறுவாங்களா மாட்டாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கதவுதட்டி (மிட்சம்)

முதல் கேள்விக்கு: அரண்மனைக்குள்ள என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லேலாது. ஆனா 1917ல ஜெர்மன் பேரை விட்டு வின்சர் எண்டு மாத்தினது, 1993ல வரி கட்டத் தொடங்கினது, இப்ப இது, மூண்டும் ஒரே கைப்பழக்கம்தான். தேர்தல் இல்லாத குடும்பம், ஆனா தேர்தலுக்கு நிக்கிற ஆக்களைவிடக் கவனமா ஊர் வாயைக் கேக்கிற குடும்பம். இதைத் தம்பி தன்ர கருத்தா எழுதலாம், ஆதாரமா எழுதேலாது.

இரண்டாவதுக்கு வழி இருக்கு. நாட்சென் தொடர்ல வயசு வாரியா அட்டவணை தேடச் சொல்லுங்கோ. 2012ல 25-34 வயசில இருந்தவை, 2024 வாக்கில ஏறக்குறைய 37-46. அந்த ரெண்டு வருசத்து எண்களையும் பக்கத்தில பக்கத்தில வைச்சா அதே ஆக்கள் பன்னிரண்டு வருசத்தில எங்க நகர்ந்தினம் எண்டு தெரியும். 2012 விழா வருசம், அதால எண் கொஞ்சம் ஊதியிருக்கும், விழா இல்லாத வருசம் ஒண்டையும் சேத்துப் பாக்கட்டும். "தெரியாது" நிரலை வெட்டிப்போட வேண்டாம், அதையும் அட்டவணையில விடச் சொல்லுங்கோ. முடிச்சாப் பிறகு இங்க போடுங்கோ, நானும் பாக்கிறன்.