ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை

வயது 27. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே அடிவயிற்றின் இடப்பக்கம் வலி பிடித்து, தொடை வரை இறங்கும். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிரே போய்விடும். 9 வருடமாக இதே கதை. போன வருடத்திலிருந்து மற்ற நாட்களிலும் வலி.

மெஃபனமிக் ஆசிட் (வலி மாத்திரை) முதலில் கேட்டது, இப்போது கேட்பதில்லை. வெந்நீர்ப் பை வைத்து வைத்து வயிற்றுத் தோலில் வலை போலக் கறுத்ததுதான் மிச்சம். 6 மாதம் கருத்தடை மாத்திரையில் பாதி குறைந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. அல்ட்ராசவுண்ட் இரண்டு முறையும் நார்மல். "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்" என்றார் முதலில் பார்த்த மருத்துவர் (அவரும் பெண்தான்).

இப்போது பார்ப்பவர் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்கிறார். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது. சின்னப் படிவுகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாமாம். அதனால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யச் சொல்கிறார். சுமார் பத்தில் ஒரு பெண்ணுக்கு வருவதாம், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பேர்கூடத் தெரியவில்லை. "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறார் அம்மா.

ஸ்கேன் நார்மல் என்று வந்தபின் எம்ஆர்ஐ எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதில் ஏதாவது தெரிந்ததா, இல்லை கடைசியில் லேப்ராஸ்கோப்பிதான் செய்ய வேண்டியிருந்ததா?