மஞ்சள் சேர்த்தும் ஃபிலிம் வெயில்ல நொறுங்குது, உதவுங்க

ஃபிலிம்காரன்: மட்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டேன், மூடாக்குக்கு. இயற்கை யூவி (புற ஊதா) தடுப்பானா குர்குமின், அதான் மஞ்சள்ல இருக்கிற நிறமி, சேர்த்தேன். மூணே வாரத்துல நிறம் போச்சு, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. என்ன பண்ணலாம்? அவசரம்.

வேர்க்கிழங்கு: என்ன ரெசின் (மூலப் பிளாஸ்டிக்)? எத்தனை மைக்ரான்? எவ்வளவு குர்குமின்?

பழுப்பு: லிக்னின் போடுங்க, மரத்துக்கு உறுதி தர்ற பொருள். யூவியை அகலமா உறிஞ்சும், அதுல இருக்கிற ஃபீனால் குழுக்கள் ரேடிக்கலையும் (பிளாஸ்டிக்கைச் சிதைக்கிற துடிப்பான துணுக்கு மூலக்கூறு) பிடிக்கும். ஃபிலிம் பழுப்பாகும், அவ்வளவுதான். நேரா கொட்டாதீங்க, கட்டி கட்டியா நிக்கும். மாஸ்டர்பேட்ச் ஆக்கி, அதாவது கொஞ்சம் ரெசின்ல அடர்த்தியா முன்னாடியே கலந்து வெச்சு, அப்புறம் கலக்குங்க.

ஃபிலிம்காரன்: பிஎல்ஏ, பிபிஏடி கலவை, ரெண்டும் மட்கும் பிளாஸ்டிக். 20 மைக்ரான். குர்குமின் 1 சதவீதம்.

மூத்தவன்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். குர்குமினே வெயில்ல சிதையும்னு தேடிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். காவலாளி முதல் நாளே ஓடிட்டான். பிபிஏடியில பென்சீன் வளையம் இருக்கு, அது 300 நானோமீட்டர் பக்கம் தானே உறிஞ்சும். பிளாஸ்டிக்கோட மூலக்கூறு சங்கிலி அறுபடும், சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கேயும் பிணையும். குளோரோஃபார்ம்ல போட்டுப் பாருங்க. கரையாத ஜெல் நின்னா குறுக்குப் பிணைப்பு.

துளிர்: வைட்டமின் ஈ?

மூத்தவன்: அது ரேடிக்கலைப் பிடிக்கும், ஒளியை மறைக்காது. ரெண்டும் வேற வேற வேலை.

கரித்துண்டு: எதுக்கு இவ்வளவு சுத்தல்? கார்பன் பிளாக் 2 சதவீதம். முடிஞ்சது.

பழுப்பு: தலைப்புல "இயற்கை"ன்னு இல்லைன்னாலும் கேள்வியில இருக்கே. புகைக்கரி எப்பலேர்ந்து இயற்கை?

கரித்துண்டு: ஆலைக் கழிவுலேர்ந்து எடுக்கிற லிக்னின் மட்டும் மரத்துல பழுத்துச்சா?

துளிர்: அது சரி, இவ்வளவு காப்பாத்தினா அப்புறம் மண்ணுல மட்குமா?

பழுப்பு: மட்குறது நுண்ணுயிர் வேலை. மட்கும் மூடாக்கு ஃபிலிமுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 17033 கேக்குறது மண்ணுல 2 வருஷத்துக்குள்ள 90 சதவீதம் மட்கணும்னு. வெயில்ல நொறுங்குறதை மட்குறதுன்னு நினைச்சா, மண்ணுல துணுக்குதான் மிஞ்சும். குறுக்கே பிணைஞ்சா நுண்ணுயிருக்கும் கடிக்கக் கஷ்டம்.

வேர்க்கிழங்கு: சண்டைக்கு நடுவுல ஒண்ணு. வெயில்தான் காரணம்னு எப்படித் தெரியும்? அதே இடத்துல ஒரு துண்டுக்கு மேல அலுமினியத் தாள் போட்டு வைங்க. அதுவும் நொறுங்கினா ஈரமும் சூடும்தான். ஈரத்தோட உருக்கினாலே சங்கிலி அறுபடும். ரெசினைக் காய வெச்சுத்தானே மெஷின்ல ஓட்டினீங்க?

கரித்துண்டு: கார்பன் பிளாக் போட்டிருந்தா இந்தக் கேள்வியே வராது.

ஃபிலிம்காரன்: (நாலு வாரம் கழிச்சு) மூடி வெச்சதும் நொறுங்குது, கொஞ்சம் தாமதமா. காய வைக்கல. நன்றி.

மூத்தவன்: காய வைக்கலையா!