கடலடியில் கிடக்கும் போர் விமானங்கள்: முக்குளித்தவர்களின் அனுபவங்கள்

நெய்தல்வாசி:

பசிபிக் கடலில் மைக்ரோனேசியாவைச் சேர்ந்த சூக் காயலில், எட்டென் தீவுக்கு அருகே கிடக்கும், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய குண்டுவீச்சு விமானமான 'பெட்டி' (Betty), இங்கே எழுதும் முக்குளிப்பவர்கள் பலருக்கும் அறிமுகமானது. ஆகவே படகு, அனுமதிச் சீட்டு, வழிகாட்டி பற்றியெல்லாம் விவரிக்காமல், இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீவிலிருந்த ஓடுபாதையை எட்டுவதற்குள் விழுந்துவிட்ட விமானம் அது. எஞ்சின்கள் பிய்ந்து முன்னால் தனியே கிடக்கின்றன. சிறகுகளும் உடற்பகுதியும் மணல்மேல் அப்படியே இருக்கின்றன. மூக்குப் பகுதி உடைந்திருப்பதால் அதன் வழியாக உள்ளே நீந்திச் செல்ல முடிகிறது. பக்கச் சாளரங்களில் நுழையும் வெளிச்சத்தில் கண்ணாடி போன்ற சிறு மீன்கள் கூட்டமாக விலகி வழிவிட்டன. ஒரு கல்லறைக்குள் நுழைகிறோம் என்ற எண்ணத்தோடுதான் நான் நகர்ந்தேன்.

வெளியே வந்தபோது, எங்கள் குழுவில் ஒருவர் மணலில் கிடந்த வானொலிக் கருவியின் பெட்டியைத் தூக்கி, அதன்மேல் படர்ந்திருந்த உயிர்ப்படிவத்தைக் கையுறையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தன் துணைவர் படம் எடுப்பதற்காக அதை மார்போடு அணைத்துப் பிடித்தார். உள்ளூர் வழிகாட்டி அவசரப்படாமல் நீந்தி வந்து, அந்தப் பெட்டியை அவர் கைகளிலிருந்து வாங்கி, மணலில் அது பதிந்திருந்த அதே பள்ளத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி திரும்ப வைத்தார். படகில் ஏறிய பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 1944 பிப்ரவரி 17, 18 ஆகிய இரு நாட்களில் அமெரிக்க விமானங்கள் அந்தக் காயலைத் தாக்கிய கதையைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். தேய்த்த இடத்தில் பளிச்சென்று தெரிந்த உலோகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பவளத்திட்டு:

விழுந்த விமானங்கள் எல்லாவற்றையும் கல்லறை என்று எண்ணிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பார்த்தது பப்புவா நியூ கினியில், போகா போகா என்ற கிராமத்துக்கு எதிரே, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானமான 'பிளாக் ஜாக்'. 1943 ஜூலையில் ஜப்பானியத் தளமான ரபவுலைத் தாக்கச் சென்று திரும்பும் வழியில் எஞ்சின் கோளாறிலும் புயலிலும் சிக்கி, அதன் விமானி அதைக் கடலில் இறக்கினார். விமானத்தில் இருந்த பத்துப் பேரும் பிழைத்தார்கள். கிராமத்து மக்கள்தான் அவர்களைக் கரை சேர்த்தார்கள். அதன்பின் 1986இல்தான் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்.

வால் துடுப்பு நிமிர்ந்து நிற்கிறது, முன்விசிறிகளின் அலகுகள் வளைந்திருக்கின்றன, துப்பாக்கிகள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் (அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் தரும் போதை போன்ற நிலை) லேசாகத் தொடங்கியிருந்ததால், மானியில் இருந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் உடற்பகுதியின் பக்கச் சாளரத்தருகே நின்ற அந்தச் சில நொடிகள் மட்டும் துல்லியமாக நினைவில் இருக்கின்றன. இதற்குள்ளிருந்து பத்துப் பேரும் உயிரோடு வெளியேறினார்கள் என்று நினைத்தபோது எனக்கு ஏற்பட்டது துயரம் அன்று, பெரும் நன்றியுணர்வு. அந்த உணர்வை யாரிடம் தெரிவிப்பது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

வலம்புரி:

என் அனுபவம் மிகச் சிறியது. பசிபிக்கின் பலாவு தீவுகளில் 'ஜேக்' என்று அழைக்கப்படும் ஜப்பானிய மிதவை விமானம் நேராக அமர்ந்த நிலையில், சுமார் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் சிறகில் வளர்ந்திருந்த பவளத்தை என் குழுவில் ஒருவரின் கால்துடுப்பு தட்டி உடைத்தது. உடைந்த துண்டு மெல்லச் சுழன்று கீழே இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பவளத்திட்டு எழுதியதைப் படித்துவிட்டுப் புதியவர்கள் யாரேனும் 50 மீட்டருக்குக் கிளம்பிவிடக் கூடாது என்ற கவலையால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். 50 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல ஆறு மடங்கு. அதாவது மேலே ஒரு மணி நேரம் வரக்கூடிய காற்று அங்கே பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். நிறுத்தங்கள் இன்றி மேலே வருவதற்கான காலவரம்பும் அங்கே சில நிமிடங்களே என்பதால், இடைநிறுத்தப் பயிற்சியும் (மேலேறும் வழியில் குறித்த ஆழங்களில் நின்று நின்று வருவது) உபரி சிலிண்டரும் இல்லாதவர்கள் அங்கே செல்லவே கூடாது. மயக்கத்தைக் குறைக்க ஹீலியம் கலந்த காற்றைப் பயன்படுத்துவது நல்லது; அதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். தொடர்ந்து சில நாட்கள் முக்குளித்தவர்கள் ஊர் திரும்ப விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடைநிறுத்தம் தேவைப்பட்ட ஆழங்களுக்குச் சென்றவர்கள் ஒரு முழு நாள் காத்திருப்பதே நலம்.

ஆழம் குறைந்த இடங்களிலும் கவனம் வேண்டும். விமானத்தின் உடல் மெல்லிய அலுமினியத் தகடு. எஃகு ஆணிகளும் உறுப்புகளும் அதைத் தொடும் இடங்களில் உப்புநீர் அலுமினியத்தை விரைவாக அரித்துவிடுகிறது. நாம் உள்ளே சென்று விடும் மூச்சுக் குமிழிகள் கூரையில் தேங்கி, அங்கே ஒட்டியிருப்பவற்றைப் பெயர்க்கின்றன. ஆகவே உள்ளே நுழையாமல் சாளரங்கள் வழியாக விளக்கடித்துப் பார்ப்பதே போதுமானது. கால்களை மேலும் கீழும் அடிக்காமல், தவளையைப் போல் பக்கவாட்டில் விரித்து உதைத்தால் வண்டல் கிளம்பாது. தொங்கும் மானிகளையும் கேமராவையும் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே ஆழத்தில் நிற்கும் மிதவைக் கட்டுப்பாடு கைவராதவர்கள் முதலில் வெறும் மணற்பரப்பின் மேல் அதைப் பழகிவிட்டு வரட்டும்.

ஆழிமகள்:

வலம்புரி சொன்னவை யாவும் சரியே. ஆனால் அலுமினியத்தையும் பவளத்தையும் காப்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. பவளத்திட்டு குறிப்பிட்ட விமானத்தின் கதை நமக்குத் தெரியும். அதில் யாரும் இறக்கவில்லை என்பதும் தெரியும். எல்லா விமானங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பலாவுக் கடலில் 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானத்திலிருந்து அதன் வீரர்களின் எச்சங்கள் மீட்கப்பட்டு, அடையாளம் காணப்பட்டு, 2010இல் அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அதுவரை அந்தக் குடும்பங்களுக்குக் 'காணாமல் போனவர்' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

ஒரு விமானம் எது என்று அறிவதற்குப் பெரும்பாலும் எஞ்சினிலும் துப்பாக்கியிலும் பொறித்திருக்கும் எண்களே உதவுகின்றன. காணாமல் போன அமெரிக்க விமானங்களைப் பற்றிய போர்க்காலப் பதிவேடுகளில் அந்த எண்கள் இருக்கின்றன. சூக்கில் தலைகீழாகக் கிடக்கும் 'எமிலி' என்ற நான்கு எஞ்சின் கடல்விமானத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். 38 மீட்டர் அகலச் சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திவிட்டு, ஓர் எஞ்சினின் அருகே நின்றேன். பெயர்த்தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், அரிப்பு இல்லாத ஒரு செவ்வகமும் அதன் மூலைகளில் நான்கு துளைகளும் மட்டுமே இருந்தன. தகடு தானாக விழவில்லை, திருகுகள் கழற்றப்பட்டிருந்தன. யாரோ ஒருவர் திருப்புளியோடு அங்கே இறங்கியிருக்கிறார் என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

சூக்கில் சிதைவுகளிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். ஆகவே எண்ணோ தகடோ கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், தேய்க்காமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படம் எடுத்து, அந்தத் தீவின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். படம் எடுத்த இடத்தையும் ஆழத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.